மறு: புதிய தலைமையாசிரியரும் பதினொன்றாம் வகுப்பில் சேராத ஏழு பேரும்

நம் பள்ளி முன்னாள் மாணவர் சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்மூர்ப் பள்ளியின் புதிய தலைமையாசிரியர் மேல் குறை சொல்லி, பத்து நாளாக இந்தக் குழுவில் வந்து குவிந்த மடல்களை நேற்று இரவு ஒரே மூச்சில் படித்தேன். ஆண்டு விழா அழைப்பிதழில் சங்கத்தின் பெயர் இல்லை. நாம் கட்டிக்கொடுத்த நூலக அறையில் கல்வெட்டை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. துபாய் அண்ணன் லீவில் போய் வணக்கம் சொல்லப் போன இடத்தில் முக்கால் மணி நேரம் வராந்தாவில் காக்க வைக்கப்பட்டார். எல்லாம் உண்மைதான், மறுக்கவில்லை. குவைத் சித்தப்பா ஒரு படி மேலே போய், அமைச்சர் அலுவலகத்தில் தமக்கு ஆள் இருக்கிறது, ஒரு போன் போட்டால் மனிதரைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். சித்தப்பா, ஊர் உலகத்தில் தண்ணியில்லாக் காடு என்று சொல்வதே நம் ராமநாதபுரத்தைத்தான். இங்கிருந்து அவரை எங்கே அனுப்புவீர்கள்?

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. அந்தந்த ஊர்க்காரர்களே பெஞ்சு, கரும்பலகை, நிலம் என்று கொண்டுவந்து கொடுத்த காலம். நம்மூர் முறை வந்தபோது என் அப்பத்தா ஒரு வெண்கல மணி கொடுத்தார். நாம் எல்லோரும் அந்த மணிச் சத்தத்துக்குத்தான் ஓடினோம். இப்போது மின்சார மணி வந்துவிட்டது. வெண்கல மணி அலுவலக அறை மூலையில், பழைய விடைத்தாள் மூட்டைக்கு மேல் கவிழ்ந்து கிடக்கிறது. பார்த்ததும் வயிறு எரிந்தது. ஆனால் மணி கிடந்தால் கிடக்கட்டும்.

குலசாமிக்குக் கிடாய் வெட்ட இந்த ஜூனில் ஊருக்குப் போயிருந்தேன். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருக்கும் கமிஷன் கடையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து முண்டு வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு சிறுமி, பள்ளிச் சீருடைப் பாவாடையோடு. மிளகாய் நெடி ஏறாமல் இருக்கத் தாவணியை மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்தாள். கண் மட்டும் சிவந்து தெரிந்தது. பள்ளிக்கூடம் திறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டதே என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அவள் அம்மாதான் பதில் சொன்னார். பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாளாம். கணக்கில் மட்டும் 38. பதினொன்றாம் வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கப் போனால், “இந்த மார்க்கை வைத்துக்கொண்டு இவள் பன்னிரண்டாம் வகுப்பு எப்படித் தேறுவாள்? தையல் படிக்க வையுங்கள்” என்று சொல்லி, கேட்காமலேயே டி.சி.யை எழுதிக் கொடுத்துவிட்டார் தலைமையாசிரியர். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாராம் அம்மா, எலி கடிக்காமல் இருக்க.

ஊரில் இருந்த நான்கு நாளில் வீடு வீடாகக் கேட்டேன். இப்படி டி.சி. வாங்கியவர்கள் ஏழு பேர். ஐந்து பேர் பெண் பிள்ளைகள். அடுத்த மேல்நிலைப் பள்ளி 14 கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ். பையன்கள் இரண்டு பேரும் எப்படியோ போய்விடுகிறார்கள், பெண்களை அனுப்பவில்லை.

இதில் இழப்பது இரண்டு வருடப் படிப்பு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய். மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். 38 மார்க் வாங்கியவள் எங்கே டாக்டராகப் போகிறாள் என்று யாராவது எழுதினால், நான் பத்தாம் வகுப்புக் கணக்கில் வாங்கிய மார்க்கை இங்கே போட வேண்டியிருக்கும். அது 41.

மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் சிக்கல். காலை எட்டரைக்கே வந்துவிடுகிறார். கழிப்பறையில் தண்ணீர் வருகிறது. நம் காலத்தில் ஏது? ஆசிரியர்கள் நேரத்துக்கு வகுப்பில் இருக்கிறார்கள். ஆனால் தேர்வு முடிவு வரும் நாளில் மாவட்ட வாரியாகத் தேர்ச்சி விழுக்காடு பத்திரிகையில் வருகிறது, விழுக்காடு குறைந்த தலைமையாசிரியர் மேலதிகாரிகள் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நாற்பது பேர் எழுதும் பள்ளியில் இரண்டு பேர் தோற்றால் 95. தோற்கக்கூடியவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டால் 100. அவர் கணக்கு அவ்வளவுதான். அடுத்த வருடம் பள்ளி வாசலில் “நூறு விழுக்காடு தேர்ச்சி” என்று பேனர் கட்டுவார். நாமும் அதைப் படம் எடுத்து இந்தக் குழுவில் போட்டுப் பெருமைப்படுவோம். சென்ற வருடம் பக்கத்து ஊர்ப் பேனரைப் போட்டு “இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று எழுதியது யார் என்று நான் சொல்லவில்லை.

அமைச்சர் வழி வேண்டாம். இவர் போனால் வருபவரும் இதே கூட்டத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர்தான். பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள். நம் பள்ளியில் அதன் தலைவி, நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய். அவரைக் கண்மாய்க் கரையில் பார்த்தேன். கூட்டம் நடக்கிறதா என்று கேட்டதற்கு, “நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன்” என்றார். நோட்டில் என்ன எழுதியிருக்கும்? “நான் போடும்போது ஒன்றும் எழுதியிருக்காது.”

ஆகவே நான் கேட்பது இரண்டு. பள்ளி நுழைவாயில் வளைவுக்குச் சங்கம் ஒதுக்கிய பணத்தை இப்போதைக்கு வளைவில் போட வேண்டாம். அதிலிருந்து, அந்த ஏழு பேருக்கும் மாலையில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஓர் ஆளைப் போட்டு, பள்ளியில் திரும்பச் சேர்க்கும்படி எழுத்து மூலம் கேட்போம். தேர்ச்சிக்கு நாங்கள் பொறுப்பு என்று சொன்னால் தலைமையாசிரியருக்கும் ஒரு பிடி கிடைக்கும். அடுத்தது, பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் உங்கள் அக்கா, தங்கை, மைத்துனி யாராக இருந்தாலும் போன் செய்து, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள். போய், ஏழு பேர் எங்கே என்று கேட்கச் சொல்லுங்கள்.

நான் நேற்றே என் அக்காவிடம் பேசினேன். அவள் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பு, கணக்கில் கொஞ்சம் மந்தம். முழுவதும் கேட்டுவிட்டு அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “நான் எழுந்து கேட்டால், அடுத்த வருடம் எட்டாவது டி.சி. என் பிள்ளைக்குத்தானே?”

மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு இதற்கு நான் என்ன சொல்ல? தெரிந்தவர்கள் எழுதுங்கள், அப்படியே அவளுக்கு அனுப்பிவைக்கிறேன்.

வடக்குத் தெருவிலிருந்து,
இப்போது மஸ்கட்