எபிசோடை எடுத்தவர்களே பேசும் ஆடியோ கமெண்டரி: எங்கிருந்து தொடங்கலாம்?

மழைக்கால ரேடியோ கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பிரேக்கிங் பேட் தொடரை மறுபடியும் முதலிலிருந்து பார்த்து முடித்தேன். கதை ஏற்கெனவே தெரியும் என்பதால் இந்த முறை கவனம் எல்லாம் வேறு பக்கம் போனது. கேமராவை ஏன் தரையோடு தரையாக வைத்திருக்கிறார்கள், மூன்றாவது சீசனில் ஈயைத் துரத்தும் அந்த எபிசோட் முழுக்க ஏன் ஒரே ஆய்வகத்துக்குள்ளேயே நடக்கிறது, இதையெல்லாம் எடுத்தவர்களிடமே உட்கார்ந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

டிவிடி, ப்ளூ-ரே பதிப்புகளில் இயக்குநர், எழுத்தாளர், நடிகர்கள் எல்லாம் எபிசோடைப் பார்த்தபடியே பேசும் கமெண்டரி டிராக் இருக்கும் என்று தெரியும். நான் பார்ப்பது ஓடிடியில். அங்கே ஆடியோ பட்டியலைத் திறந்தால் வெவ்வேறு மொழிகள் வரிசையாக வருகின்றன, கமெண்டரி மட்டும் இல்லை. எந்தத் தொடரின் கமெண்டரி உண்மையிலேயே நேரம் செலவழிக்கத் தகுந்தது, டிஸ்க் வாங்காமல் கேட்க வழி இருக்கிறதா, ஓடிடிக்காரர்கள் ஏன் இதைத் தருவதில்லை? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும். நடிகர்கள் கூடிச் சிரிக்கும் வகையைவிட வேலை எப்படி நடந்தது என்று பேசும் வகைதான் எனக்கு வேண்டும்.

---

எடிட்டிங் மேசை பதில்:

நல்ல கேள்வி. பிரேக்கிங் பேட் பிடிக்கும் என்றால் உங்களுக்கு டிஸ்க்கே தேவையில்லை. பிரேக்கிங் பேட் இன்சைடர் பாட்காஸ்ட் என்று ஒன்று இருக்கிறது, 2009-இல் இரண்டாவது சீசன் ஒளிபரப்பான சமயத்தில் தொடங்கியது. தொடரின் எடிட்டர்களில் ஒருவரான கெல்லி டிக்சனும் தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனும்தான் நடத்தினார்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் அதை எழுதியவர், இயக்கியவர், இசையமைத்தவர் என்று யாராவது வந்து உட்காருவார்கள். இது காட்சிக்குக் காட்சி கூடவே ஓடும் கமெண்டரி இல்லை, எபிசோடைப் பார்த்த பிறகு கேட்க வேண்டிய உரையாடல், ஆனால் பல அதிகாரப்பூர்வ கமெண்டரிகளைவிட இதில் சரக்கு அதிகம். காரணம் எளிமையானது. நடத்தியவர்களில் ஒருவர் எடிட்டர். எந்தக் காட்சி வெட்டப்பட்டது, எதை எங்கே நகர்த்தினார்கள் என்பது எடிட்டருக்குத்தான் தெரியும், அவர் கேட்கும் கேள்வியும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

நீங்கள் கேட்ட ஈ எபிசோடுக்குப் பதில்: பணம். அந்த சீசனின் பட்ஜெட் இறுகிவிட்டது, அதனால் புதிதாக செட் போடாமல், வெளியே எங்கும் போகாமல், ஏற்கெனவே இருக்கும் ஆய்வகத்திலேயே முழு எபிசோடையும் எடுக்க முடிவு செய்தார்கள். ரியான் ஜான்சன் இயக்கியது. வேறு வழியில்லாமல் எடுத்த முடிவு, ஆனால் முக்கியப் பாத்திரங்களான வால்ட்டும் ஜெஸ்ஸியும் அவ்வளவு நேரம் தனியாக அடைபட்டிருக்கும் இன்னொரு எபிசோட் அந்தத் தொடரில் கிடைப்பது கடினம். இந்த மாதிரி விஷயத்தை விமர்சகர் யாரும் சொல்லித் தர முடியாது, உள்ளே இருந்தவர்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஐந்தாவது சீசன் தொடக்கத்தில் வால்ட் கார் டிக்கியில் பெரிய இயந்திரத் துப்பாக்கி ஒன்றைப் பார்க்கிறார் இல்லையா, அதை எழுதும்போது அந்தத் துப்பாக்கியை யார் மேல் பயன்படுத்தப் போகிறார் என்று எழுத்தாளர்களுக்கே தெரியாது. முதலில் துப்பாக்கியை வைத்துவிட்டார்கள், பிறகு கதை அங்கே போய்ச் சேர வழி தேடி எழுத்தாளர்கள் கூடும் அறைக்குள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கில்லிகன் இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டது என்று காட்டிக்கொள்ளும் ஆட்களுக்கு நடுவே இப்படிப் பேசுபவரைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

இதே வகையில் அடுத்து பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்ற அறிவியல் புனைவுத் தொடர். அதன் ஷோரன்னர், அதாவது தொடரின் தலைமைப் பொறுப்பில் இருந்த எழுத்தாளர்-தயாரிப்பாளர், ரொனால்ட் டி. மூர் 2005 முதல் எபிசோடுக்கு எபிசோட் கமெண்டரி பதிவு செய்து இலவசமாக வெளியிட்டார், அது பின்னால் டிவிடியிலும் ஏறியது. வீட்டில் உட்கார்ந்து, கையில் விஸ்கியும் சிகரெட்டுமாகப் பேசுவார், சில சமயம் அவர் மனைவியும் கூடவே இருப்பார். எல்லாவற்றையும் புகழ மாட்டார். இரண்டாவது சீசனில் பிளாக் மார்க்கெட் என்று ஒரு எபிசோட், அது சரியாக வரவில்லை என்று அந்த எபிசோடின் கமெண்டரியிலேயே சொல்கிறார், எங்கே தவறியது என்றும் பிரித்துக் காட்டுகிறார். திரைக்கதை எழுத ஆசைப்படும் யாராக இருந்தாலும் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான். நன்றாக வந்த எபிசோடிலிருந்து கற்பதைவிட இதிலிருந்து அதிகம் கற்கலாம்.

ஓடிடி விஷயம். தொழில்நுட்பம் காரணம் இல்லை. டிவிடியிலேயே எட்டு ஆடியோ டிராக் வரை வைக்க இடம் இருந்தது. ஓடிடியில் ஒரே தொடருக்குத் தமிழ், தெலுங்கு, இந்தி என்று வரிசையாக டப்பிங் ஏற்றுகிறார்கள், அதோடு இன்னொரு டிராக் ஏற்றுவது பெரிய சுமையே அல்ல. என் பார்வையில் காரணம் வியாபாரம்தான். ஏற்கெனவே டிவியில் பார்த்த தொடரை ஒருவர் காசு கொடுத்துப் பெட்டியாக வாங்க வேண்டும் என்றால் கூடுதலாக ஏதாவது தர வேண்டியிருந்தது, கமெண்டரி அப்படித்தான் பெருகியது. சந்தா கட்டியவர் எப்படியும் கட்டிவிட்டார், அவரை அடுத்த தொடருக்கு நகர்த்துவதுதான் நிறுவனத்துக்கு லாபம், பார்த்ததையே திரும்பப் பார்க்க வைப்பது அல்ல. இது பெரிய இழப்பு, இதைப் பற்றி யாரும் போதுமான அளவு சத்தம் போடவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

---

நீலக்கல் பதில்:

மேலே நண்பர் சொன்னதோடு செர்னோபிலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செர்னோபில் அணு உலை விபத்தைப் பற்றி 2019-இல் வந்த ஐந்து எபிசோட் தொடர். ஒவ்வொரு எபிசோடும் ஒளிபரப்பானதும் அதற்கான பாட்காஸ்ட் வந்துவிடும், தொடரை எழுதிய கிரெய்க் மேசினுடன் பீட்டர் சாகல் உரையாடுவார். பாட்காஸ்ட் செயலி எதில் தேடினாலும் கிடைக்கும், காசு வேண்டாம்.

இதை நான் தனியாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. உண்மைச் சம்பவத்தை நாடகமாக்குபவர்கள் எங்கே மாற்றினோம் என்பதைப் பெரும்பாலும் மூடி மறைப்பார்கள், "உண்மைச் சம்பவங்களைத் தழுவியது" என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மேசின் அதற்கு நேர் எதிர். எமிலி வாட்சன் நடித்த விஞ்ஞானி உலானா கோம்யுக் என்ற ஒருவர் இருந்ததே இல்லை, தொடரின் நாயகனும் நிஜ விஞ்ஞானியுமான லெகாசோவுடன் வேலை செய்த பல விஞ்ஞானிகளை ஒரே பாத்திரமாகச் சேர்த்தது. கடைசி எபிசோடின் நீதிமன்றக் காட்சியில் லெகாசோவ் அட்டையை வைத்து விளக்குவாரே, நிஜ விசாரணையில் அவர் அங்கே இல்லவே இல்லை. ஹெலிகாப்டர் விழுவது நடந்த சம்பவம்தான், ஆனால் அது 1986 அக்டோபரில் நடந்தது, தொடரில் விபத்து நடந்த முதல் சில நாட்களுக்கே கொண்டு வந்துவிட்டார்கள். என்ன மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று பார்வையாளருக்குக் கணக்குக் காட்டத்தான் பாட்காஸ்ட்டே நடத்துகிறேன் என்ற தோரணையில் பேசுகிறார். நீதிமன்றக் காட்சி எனக்கு மிகவும் பிடித்த காட்சி, அது நடக்கவில்லை என்று தெரிந்த பிறகும் பிடிப்பு குறையவில்லை, நடந்தது எது நாடகம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

நடிகர்கள் ஏன் ரஷ்ய உச்சரிப்பு இல்லாமல் சாதாரண ஆங்கிலத்தில் பேசுகிறார்கள் என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. தேர்வுக் கட்டத்தில் உச்சரிப்போடு முயன்று பார்த்திருக்கிறார்கள், கவனம் முழுக்க உச்சரிப்புக்கே போய் நடிப்பு பின்னால் தள்ளப்படுகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள்.

ஒரு வேண்டுகோள்: முதலில் எபிசோட், அப்புறம்தான் பாட்காஸ்ட். மாற்றிக் கேட்காதீர்கள்.

---

பழைய டிஸ்க் பதில்:

நடிகர்கள் கூடிப் பேசுவது வேண்டாம் என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டீர்கள், அதில் எனக்குச் சம்மதம் இல்லை. ஆள் யார், எந்த வயதில், எத்தனை வருடம் கழித்துப் பேசுகிறார் என்பதைப் பொறுத்தது அது. புதிதாக முடிந்த தொடருக்கு நான்கு நடிகர்கள் சேர்ந்தால் சிரிப்பும் பாராட்டும்தான் மிஞ்சும், சரி. ஆனால் பிபிசியின் அறிவியல் புனைவுத் தொடரான டாக்டர் ஹூவின் பழைய கதைகளின் டிவிடி கமெண்டரிகளைக் கேட்டுப் பாருங்கள், நாற்பது வருடம் கழித்துப் பேசும்போது யாருக்கும் விளம்பரம் செய்ய வேண்டிய தேவை இல்லை.

முதல் கதை 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பானது, அமெரிக்க அதிபர் கென்னடி கொல்லப்பட்டதற்கு மறுநாள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அப்போது 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், அவருக்கு 24. பிபிசி மாதிரி ஒரு இடத்தில் ஒரு இளம் பெண்ணும் ஒரு இந்திய இளைஞனும் நெருக்கடியான லைம் குரோவ் ஸ்டுடியோவில் இதை எடுத்தார்கள், முதல் எபிசோட் சரியில்லை என்று மேலதிகாரி சொல்லி மறுபடி முழுக்க எடுக்க வேண்டியிருந்தது. வீடியோவை வெட்டி ஒட்டுவது செலவு அதிகம் என்பதால் கிட்டத்தட்ட நேரடி ஒளிபரப்பு மாதிரி ஒரே மூச்சில் நடித்துப் பதிவு செய்தார்கள், வசனம் தடுமாறினாலும் அப்படியே போகும். 2006-இல் அந்தக் கதைகள் டிவிடியாக வந்தபோது லாம்பர்ட், ஹுசைன் இருவருமே கமெண்டரியில் பங்கேற்றார்கள். அடுத்த ஆண்டு, 2007 நவம்பரில், லாம்பர்ட் இறந்துவிட்டார். பதிவு இரண்டு வருடம் தள்ளிப் போயிருந்தால் அவர் குரல் அதில் இருந்திருக்காது.

1970-களின் தயாரிப்பாளர் பேரி லெட்ஸும் நிறைய கமெண்டரிகளில் பேசியிருக்கிறார், அவர் 2009-இல் காலமாகிவிட்டார். அவர் காலத்தில் தொடரின் நாயகனான 'டாக்டர்' பாத்திரத்தில் நடித்த ஜான் பெர்ட்வீ 1996-இலேயே இறந்துவிட்டதால், அந்த டிவிடிகளில் மற்ற எல்லோரும் அவரைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர் மட்டும் இல்லை. அதைக் கேட்கும்போது மனம் கனத்துப் போகும். பிபிசி 1960-களின் எத்தனையோ எபிசோடுகளின் டேப்பையே அழித்துவிட்ட நிறுவனம், அதனால் எடுத்தவர்களின் ஞாபகம் மட்டுமே மிஞ்சிய இடங்கள் உண்டு. இந்தப் பதிவுகளை நான் வரலாற்று ஆவணமாகத்தான் பார்க்கிறேன்.

ஓடிடியில் வரவே வராது என்றும் சொல்ல முடியாது. 2023 சிறப்பு எபிசோடுகளிலிருந்து பிபிசியின் ஐபிளேயரிலேயே, பேசுபவர்களின் முகமும் தெரியும்படி, டாக்டர் ஹூ கமெண்டரி போட்டார்கள். பிரிட்டனுக்குள் இருந்தால்தான் பார்க்கலாம் என்பதுதான் குறை.

அப்புறம் ஒரு சம்பவம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் முதல் சீசன் கடைசி எபிசோடில் மதில்மேல் வெட்டிய தலைகளைச் செருகி வைத்திருப்பார்கள். அதில் ஒன்று முன்னாள் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் முகம் கொண்ட பொம்மைத் தலை என்று டிவிடி கமெண்டரியில் தயாரிப்பாளர்களே சொன்னார்கள். அரசியல் எதுவும் இல்லை, கைக்குக் கிடைத்த தலைகளைப் பயன்படுத்தினோம் என்றார்கள். 2012-இல் அது பரவியதும் தொடரை ஒளிபரப்பிய எச்பிஓ மன்னிப்புக் கேட்டு, டிஸ்க் அனுப்புவதை நிறுத்தி, அந்தக் காட்சியையே மாற்றியது. அவர்கள் வாய்திறந்து சொல்லும்வரை பார்த்த அத்தனை பேரில் யார் கண்ணிலும் அது பெரிதாகப் படவில்லை!

---

மழைக்கால ரேடியோ பதில்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விரிவாக வரும் என்று நினைக்கவில்லை. பழைய டிஸ்க் அண்ணா, நடிகர்கள் பற்றி நீங்கள் சொன்னது நியாயம், வருடங்கள் கழித்துப் பேசுவதன் மதிப்பை நான் யோசிக்கவில்லை. செர்னோபில் இன்றே தொடங்குகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். பேட்டில்ஸ்டார் கமெண்டரி எபிசோடோடு கூடவே ஓட வேண்டியது என்றால், தனி ஆடியோ கோப்பை வைத்துக்கொண்டு படத்தோடு எப்படிச் சேர்ப்பது? என்னிடம் இருப்பது இந்தியாவில் வாங்கிய பழைய டிவிடி, அதில் கமெண்டரி இல்லை. சேர்த்து ஓட்டினால் தொடக்கத்தில் பொருந்துகிறது, முடிவுக்கு வரும்போது எபிசோட் முந்திப் போய்விடுகிறது.

---

எடிட்டிங் மேசை பதில்:

உங்கள் டிவிடி பால் (PAL) என்ற வீடியோ முறையில் இருக்கும், அதுதான் காரணம். நொடிக்கு 24 ஃபிரேமில் முடிக்கப்பட்ட தொடரை பால் டிஸ்க்கில் பெரும்பாலும் 25 ஃபிரேமாக ஓட்டுவார்கள், அதனால் நான்கு சதவீதம் வேகம் கூடிவிடும். 50 நிமிட எபிசோட் 48 நிமிடத்தில் முடிந்துவிடும். மூர் பேசியது அமெரிக்க ஒளிபரப்பின் வேகத்துக்கு.

விஎல்சி பிளேயரில் கமெண்டரி கோப்பைத் தனியாகத் திறந்து அதன் வேகத்தை 1.04 என்று வையுங்கள், குரல் கொஞ்சம் விறுவிறுப்பாகக் கேட்கும், ஆனால் கடைசிவரை ஒட்டிக்கொண்டே வரும். விளம்பர இடைவேளை வரும் இடங்களில் மட்டும் ஒரு தடவை சரிபாருங்கள், டிவிடியில் அந்தக் கறுப்பு இடைவெளிகள் சுருக்கப்பட்டிருக்கும், அங்கே ஓரிரு நொடி நிறுத்தித் தொடர வேண்டியிருக்கலாம். எபிசோடின் ஒலியை முழுக்க மூடிவிடாமல் கால்பங்கு வைத்துக்கொள்ளுங்கள், எந்த வசனத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரியும். ஓடிடியில் பார்ப்பதானால் வேகத்தை மாற்ற வேண்டியிருக்காது.

இரண்டாவது சீசன் பிளாக் மார்க்கெட்டுக்கு வந்ததும் இங்கே வந்து எழுதுங்கள். அவர் சொல்லும் காரணங்களில் எனக்கு ஒன்றில் உடன்பாடு இல்லை, அதைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க வேண்டும்.