தொழிலுக்கு எந்த வடிவம்? மனசை விட்டுப் போகாத ஒரு கேஸ் சொல்லுங்க

முத்திரைத்தாள்:
தனி முதலாளியா, பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா (பார்ட்னரின் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் வடிவம்), பிரைவேட் லிமிடெடா என்று கட்டம் போட்டு ஒப்பிடும் பட்டியல் எங்கேயும் கிடைக்குது. அது வேண்டாம். தேர்ந்தெடுத்த வடிவம் எந்த இடத்தில் காலை வாரியது, அதை மட்டும் எழுதுங்க.

அட்டைப்பெட்டி சப்ளை செய்த ஒரு பார்ட்னர்ஷிப். டீட் (பார்ட்னர்ஷிப் பத்திரம்) உண்டு, பான் உண்டு, ஜிஎஸ்டி உண்டு, கரண்ட் அக்கவுன்டும் உண்டு. பாக்கி கேட்டு வழக்குப் போட்டாங்க. எதிர்த்தரப்பு பதிலுரையில் சரக்கின் தரம் பற்றியோ தொகை பற்றியோ பேச்சே இல்லை. ஒரே வரிதான்: வாதி நிறுவனம் பதிவு செய்யப்படாதது. 1932 பார்ட்னர்ஷிப் சட்டம், பிரிவு 69(2): பதிவில்லாத நிறுவனம் ஒப்பந்தப் பாக்கிக்கு வழக்குப் போட முடியாது. நோட்டரி முத்திரை விழுந்ததையே பதிவு என்று நினைத்திருக்காங்க. பதிவு என்பது நிறுவனப் பதிவாளரிடம் எல்லா பார்ட்னரும் கையெழுத்திட்டுப் படிவம் கொடுத்து, பதிவேட்டில் பெயர் ஏறுவது. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தாலும் அந்த வழக்கு பிழைக்காது. வாபஸ் வாங்கிப் புதுசா போடணும், அதற்குள் 3 வருடக் காலவரம்பு முடிந்துவிட்டால் பாக்கி போனதுதான். அந்த நிறுவனத்தின் மேல் மற்றவர்கள் வழக்குப் போட மட்டும் எந்தத் தடையும் கிடையாது!

பேரேடு:
பதிவு பண்ணாதது ஒரு படிவத்தோட முடியுற வேலை. அதைவிட மோசம் விலகினவர் சங்கதி.

மூணு பேர் பார்ட்னர்ஷிப். ஒருத்தர் கணக்கைத் தீர்த்து, விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வெளியே வந்துட்டார். பின்னாடி வந்த ஜிஎஸ்டி டிமாண்ட் நோட்டீஸ்ல முதல் பெயரே அவருதுதான். அதுவும் அவர் விலகின பிறகு உள்ள மாசங்களுக்கு. பத்திரம் பிளாஸ்டிக் கவர்ல மடிப்புக் கலையாம இருக்கு, ஆனா துறைக்கு யாரும் சொல்லலை. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 90 படி, விலகிய ஒரு மாசத்துக்குள்ள நிறுவனமோ விலகினவரோ கமிஷனருக்கு எழுத்துல தெரிவிக்கணும். இல்லைன்னா தெரிவிக்கிற நாள் வரைக்கும் பொறுப்பு அவர் தலையிலதான். கடன்காரங்களுக்கு இது தனி. பதிவான நிறுவனம்னா பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழ், அந்த மாவட்டத்துல ஓடுற தாய்மொழி நாளிதழ் ஒண்ணு, இந்த மூணுலயும் போனாதான் அது பொது அறிவிப்பு.

முத்திரைத்தாள்:
ஒரு படிவத்தோட முடியுற வேலைதான், வழக்குக்கு முன்னாடி செய்தால். நான் சொன்னது அதைத்தானே?

கூட்டல்கழித்தல்:
இரண்டு பேர் எல்எல்பி. ஒருவர் போட்டது 9 லட்சம், மற்றவர் 1 லட்சம். ஒப்பந்தம் "அப்புறம் எழுதிக்கலாம்" என்று கிடந்தது. பிரியும்போதுதான் 2008 எல்எல்பி சட்டத்தின் முதல் அட்டவணையைத் திறந்தார்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாப நஷ்டம் மட்டுமில்லை, முதலும் சரிசமம். 9 லட்சம் போட்டவர் அந்த வரியை மூன்று தரம் படித்தார்.

இங்கே புதிதாக ஆரம்பிப்பவர்கள் யாராவது படித்தால் பயன்படட்டும் என்று சொல்கிறேன். எல்எல்பி பதிவான 30 நாளுக்குள் ஒப்பந்தத்தைப் படிவம் 3-இல் ஏற்றிவிடுங்கள். வருடா வருடம் படிவம் 11 மே 30-க்குள், படிவம் 8 அக்டோபர் 30-க்குள். ஒரு ரூபாய் வியாபாரம் நடக்காத வருடத்துக்கும் இவை உண்டு. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையோ பங்களிப்பு 25 லட்சத்தையோ தாண்டாத வரை எல்எல்பி சட்டப்படி ஆடிட் வேண்டாம். கம்பெனிக்கு அந்தச் சலுகை இல்லை, விற்பனையே இல்லாவிட்டாலும் ஆடிட் உண்டு. இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டால் 6 மாதத்துக்குள் இன்னொருவரைச் சேருங்கள். தெரிந்தே தனியாளாக அதற்குமேல் ஓட்டினால், அந்தக் காலக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்து பொறுப்பு. ஒப்பந்தத்தில் பணம் எடுக்கும் உச்சவரம்பு, விலகும்போது மதிப்பு கணக்கிடும் முறை, போட்டித் தொழில் செய்யலாமா கூடாதா, இந்த மூன்றும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். இணையத்தில் இறக்கிய மாதிரி ஒப்பந்தங்களில் இரண்டாவது பெரும்பாலும் "பரஸ்பரம் பேசித் தீர்க்கப்படும்" என்று இருக்கும். பேசித் தீர்க்க முடிகிறவர்கள் ஏன் பிரியப் போகிறார்கள்?

பேரேடு:
கேட்காமலே கிளாஸ் எடுத்தாச்சு. ஒண்ணு விட்டுப்போச்சு: வருமான வரியில 44ஏடின்னு எல்லாரும் சொல்ற உத்தேச லாபத் திட்டம் (விற்பனையில ஒரு சதவீதத்தையே லாபமா காட்டுறது) எல்எல்பிக்குக் கிடையாது. சாதாப் பார்ட்னர்ஷிப்புக்கு உண்டு. சின்னக் கடைக்கு எல்எல்பி போடச் சொல்றவங்க இதைச் சொல்றதே இல்லை.

கூட்டல்கழித்தல்:
உண்டு, ஆனால் அதில் போனால் அந்த லாபத்திலிருந்து பார்ட்னர் சம்பளமும் வட்டியும் கழிக்க முடியாது. வந்த லாபம் முழுவதுக்கும் 30 சதவீதம், மேலே 4 சதவீத செஸ். அதையும் சொல்லுங்கள்.

வவுச்சர்:
சம்பளப் பேச்சு வந்ததால் இது. டீடில் இருந்த வாசகம்: "செயல்படும் பங்குதாரர்களின் சம்பளம் அவ்வப்போது பரஸ்பர சம்மதத்தின்படி நிர்ணயிக்கப்படும்." படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தொகையும் இல்லை, கணக்கிடும் முறையும் இல்லை என்று வருமான வரி அதிகாரி மொத்தச் சம்பளத்தையும் செலவிலிருந்து தள்ளிவிட்டார். 1996-லேயே இதற்குச் சுற்றறிக்கை உண்டு, எண் 739.

இப்போதைய சம்பள வரம்பு: புத்தக லாபத்தின் (பார்ட்னர் சம்பளம் கழிப்பதற்கு முந்தைய லாபம்) முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம் அல்லது 3 லட்சம், எது அதிகமோ அது. மீதிக்கு 60 சதவீதம். லாபம் 10 லட்சம் என்றால் 5.4 லட்சமும் 2.4 லட்சமும் சேர்த்து 7.8 லட்சம் வரை எல்லா பார்ட்னருக்குமாகக் கழிக்கலாம். முதலுக்கு வட்டி 12 சதவீதம் வரைதான். இந்த வரம்பையே "சட்டம் அனுமதிக்கும் அளவு, இன்னார் இன்ன விகிதம்" என்று டீடில் எழுதினால் தொல்லை இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு பார்ட்னருக்குச் சம்பளம், வட்டி எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 20,000-ஐத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கணும். டிடிஎஸ் கட்டத் தேவையான டான் எண்ணே வாங்காத பார்ட்னர்ஷிப்புகள் இதில் மாட்டுகின்றன.

சரக்குவண்டி:
தனி முதலாளியா இருந்தவர் தம்பியைச் சேர்த்துப் பார்ட்னர்ஷிப் ஆக்கினார். பான் மாறுது, அதனால ஜிஎஸ்டி எண்ணும் புதுசு. பழைய எண்ணை உடனே ரத்து பண்ணச் சொல்லி விண்ணப்பம் போட்டுட்டார். கிரெடிட் லெட்ஜர்ல 2 லட்சத்துக்கு மேல உள்ளீட்டு வரி (வாங்கின சரக்குக்குக் கட்டின ஜிஎஸ்டி) அப்படியே உட்கார்ந்திருக்கு, நகர்த்த வழியில்லை. வரிசை இதுதான்: முதல்ல புது எண். பழைய எண்ணின் பாக்கி ரிட்டர்ன் எல்லாம் முடிக்கணும். தொழில் மாற்றத்துக்கு சிஏ சான்றிதழ். அந்த உள்ளீட்டு வரியைப் புது எண்ணுக்கு மாத்துற ஐடிசி-02 படிவம் தாக்கல். புது எண்ல உள்ளே போய் அதை ஏத்துக்கணும். அப்புறம்தான் ரத்து. அவர் கடைசிப் படியை முதல்ல செஞ்சார்.

மாலைநேர ஆடிட்டர்:
பிரைவேட் லிமிடெடை யாருமே தொடலையே. கம்பெனியின் வங்கி ஸ்டேட்மென்டில் டைரக்டர் மகளின் ஸ்கூல் ஃபீஸ் ஒரு வரி, மளிகை பல வரி, மச்சினருக்கு அனுப்பியது ஒரு வரி. "எல்லாம் என் பணம்தானே சார்" என்றார். தனி முதலாளிக்கு அது சொந்தச் செலவு, முதலில் கழித்துக்கொண்டால் தீர்ந்தது. கம்பெனியில் அது டைரக்டருக்குக் கொடுத்த கடன், 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 185 தடுக்கிறது. 10 சதவீதத்துக்குக் குறையாத பங்கு இருப்பதால், சேர்த்து வைத்த லாபத்தின் அளவுக்கு அதை டிவிடெண்டாகக் கருதி அவர் கையில் வரியும் விழும்.

இன்னொரு பக்கம், நண்பரிடம் கைமாற்று வாங்கிக் கம்பெனிக் கணக்கில் போட்டால் அது டெபாசிட், அப்படி வாங்கக் கூடாது. டைரக்டரிடமோ அவர் உறவினரிடமோ வாங்கலாம், அதுவும் "கடன் வாங்கித் தரவில்லை" என்று எழுதி வாங்கிக்கொண்டு. "லிமிடெட்தானே, வீடு தப்பிக்கும்" என்பதும் வங்கிக் கடன் வாங்காதவரைதான். சின்னக் கம்பெனிக்கு டைரக்டரின் சொந்த ஜாமீன் இல்லாமல் எந்த வங்கி கடன் தருகிறது?

சரக்குவண்டி:
அப்போ தனியாளுக்கு ஓபிசி, அதாவது ஒரே ஆள் கம்பெனி?

மாலைநேர ஆடிட்டர்:
பணம் எடுக்கும் விதி அதற்கும் இதே. ஆனால் தனி முதலாளி இறந்தால் கரண்ட் அக்கவுன்ட் நிற்கும், லைசென்ஸ்கள் நிற்கும், வாரிசுகள் ஒவ்வொரு அலுவலகமாக ஏறணும். ஓபிசியில் ஐஎன்சி-3 படிவத்தில் சம்மதம் கொடுத்த நாமினி பங்குதாரர் ஆகிறார், கம்பெனி அதே பானில் ஓடும். பிரைவேட் லிமிடெடோ ஓபிசியோ, எது எடுத்தாலும் பதிவான 180 நாளுக்குள் பங்குத் தொகையைக் கம்பெனிக் கணக்கில் போட்டு ஐஎன்சி-20ஏ படிவம் தாக்கல் செய்யுங்கள். அது இல்லாமல் தொழிலும் தொடங்கக் கூடாது, கடனும் வாங்கக் கூடாது. கம்பெனிக்கு அபராதம் 50,000.