இன்டர்மீடியட்: இடைநிலையா, இடைப்பொருளா?

நண்பர்களே,

கையேட்டை நாளை மாலைக்குள் கொடுக்க வேண்டும். மருந்து மூலப்பொருள் ஆலையில் புதிதாகச் சேரும் தொழிலாளர்களுக்கானது. அதனால் இன்டர்மீடியட் முதலான சில ஆலைச் சொற்களுக்குத் தமிழ்ச் சொல் எனக்கு இன்றே தேவை. நீங்கள் எழுதியதை மேலே வைத்து, என் பதிலைக் கீழே தருகிறேன்.

> ‘இடைநிலை’ பாடநூலில் இருக்கிறதே, போதாதா?

போதாது. இரும்பையும் செம்பையும் இடைநிலைத் தனிமங்கள் என்கிறோம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. அதோடு ‘நிலை’ கையில் அகப்படாதது. கையேடு பேசுவதோ டிரம்மில் அடைத்து, எடை போட்டு, அடுத்த வினைக்குக் கொண்டுபோகும் பொருளை. பாராசிட்டமாலுக்கு முந்தைய 4-அமினோஃபீனால் அப்படிப்பட்டதுதான். ஆகவே ‘இடைப்பொருள்’ என்றே எழுதுகிறேன்.

> தூய்மையாக்கலைத் ‘தேற்றல்’ என்போம். தேறு (தெளி) தன்வினை, தேற்று (தெளியவை) பிறவினை. தேற்றாங்கொட்டை கலித்தொகையிலேயே உண்டு.

எனக்கும் பிடித்த வேர். தெளிந்த கள்ளைத் தேறல் என்றதும் இதிலிருந்துதான். வடிகட்டலுக்கு என்றால் நானே கை தூக்கியிருப்பேன். ஆனால் தேற்றாங்கொட்டை, கலங்கல் நீரில் மிதக்கும் மண்ணைத் திரட்டி அடியில் படியவைக்கிறது. கரைந்திருக்கும் உப்பை அது ஒன்றும் செய்யாது. கையேடு சொல்லும் தூய்மையாக்கலோ மீள்படிகமாக்கல். அதில் மாசும் கரைந்தே கிடக்கிறது. சூடான கரைப்பானில் கரைத்து மெல்ல ஆறவிட்டால் வேண்டியது படிகமாகும், மாசு கரைசலிலேயே தங்கும். அவசரப்பட்டுக் குளிர்வித்தால் மாசும் படிகத்துக்குள் சிக்கிக்கொள்ளும். இந்த வேறுபாடு புரியாமல் ஒருவர் வால்வைத் திறக்கக் கூடாது. தவிர, தேற்றம் கணிதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தூய்மையாக்கலே இருக்கட்டும்.

> ‘தாய்க்கரைசல்’ மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. ‘எஞ்சுகரைசல்’ நல்ல தமிழ்.

நல்ல தமிழ்தான், மறுக்கவில்லை. ஆனால் படிகத்தைப் பிரித்தெடுத்தபின் நிற்கும் அந்தக் கரைசலைச் சுண்டவைத்துக் குளிர்வித்தால், மாசு கூடுதலாக இருந்தாலும், இன்னொரு முறை படிகம் கிடைக்கும். எஞ்சியது என்று எழுதினால் கழிவு என்று நினைத்துக் கொட்டிவிடுவார்கள். ஆலையில் ‘மதர் லிக்கர்’ என்பதைச் சுருக்கி ‘எம்.எல்.’ என்றுதான் சொல்கிறார்கள். தாளில் அது மில்லிலிட்டரோடு குழம்பும். அதனால் முதல்முறை மட்டும் ‘எம்.எல். எனப்படும் தாய்க்கரைசல்’, அப்புறம் தாய்க்கரைசல் மட்டும்.

இடைப்பொருளுக்கு நால்வர் சரி என்றுவிட்டார்கள். எஞ்சுகரைசல்காரர் இன்னும் இறங்கி வரவில்லை. கொட்டிவிடுவார்கள் என்ற என் அச்சத்துக்கு அவரிடம் பதில் இருந்தால் நாளைக் காலைக்குள் எழுதட்டும், மாற்றிவிடுகிறேன்.