ராத்கேர்ன்: நட்டு வச்ச ஊர்ல மொழி வேர் பிடிச்சதா?

கீழவீதி:
அயர்லாந்துல இன்னும் ஐரிஷ் மொழி பேசும் ஊர்னு போன வாரம் இங்க ராத்கேர்னை எல்லாரும் தலையில தூக்கி வச்சு ஆடினீங்க. 1935ல அரசாங்கத்தோட நிலக் கமிஷன், மேற்குக் கரையில ஐரிஷ் பேசுற கன்னிமாரா பகுதியிலிருந்து 27 குடும்பங்களைக் கிளப்பி, டப்ளினுக்குப் பக்கத்து மீத் மாவட்டத்துல குடியேத்துச்சு. குடும்பத்துக்கு ஒரு வீடு, ஏறக்குறைய 22 ஏக்கர். பாறை நடுவே உருளைக்கிழங்கு போட்டவங்களுக்கு நல்ல மண் கிடைச்சுது, சந்தோஷம். ஆனா மொழி? அது தொட்டிச்செடி. அரசாங்கம் தண்ணி ஊத்துற வரைக்கும்தான் பச்சை.

ஏட்டுக்காரன்:
அரசாங்கம் தானா கொடுக்கலை சார். நிலம் கேட்டுக் கன்னிமாரா ஆளுங்க இயக்கமே நடத்தினாங்க. ஐரிஷ் எழுத்தாளர் மார்ட்டின் ஓ கைன் முன்னால நின்னார். குடியேறின பிறகும் கேல்டக்ட், அதாவது ஐரிஷ் பேசும் பகுதின்னு அரசு ஒத்துக்கிட்டது 1967லதான். 32 வருஷம் அந்தத் தகுதி இல்லாமலே, சுத்திலும் ஆங்கிலம் பேசுற ஊர்களுக்கு நடுவுல வீட்டுல ஐரிஷ் பேசியிருக்காங்க. தொட்டிச்செடி அவ்வளவு நாள் தாங்குமா?

(நம்ம சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் பேர் கொடுத்த கவர்னரின் பட்டமும் அதே கன்னிமாராதான்.)

கீழவீதி:
அப்போ பக்கத்துல கிப்ஸ்டவுனை ஏன் பேசமாட்டேங்கிறீங்க? 1937லிருந்து அதே கமிஷன், அதே மாதிரி வீடு, நிலம். அங்க ஆங்கிலம் ஜெயிச்சிருச்சே.

ஏட்டுக்காரன்:
நீங்களே என் வேலையை முடிச்சிட்டீங்க. கிப்ஸ்டவுனுக்கு டொனிகால், மேயோ, கெர்ரின்னு பல திசையிலிருந்து ஆள் வந்தாங்க. ஆளுக்கொரு வட்டார வழக்கு. ஒருத்தர் பேச்சு அடுத்தவருக்குச் சரியாப் பிடிபடலைன்னா, ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆங்கிலம் நடுவுல வந்து உக்காந்துக்கும். ராத்கேர்னுக்கு வந்தவங்க ஒரே வட்டாரம். பிடியோட மண்ணும் சேர்த்துப் பிடுங்கி நட்ட நாத்து.

கீழவீதி:
நாத்து நல்லாத்தான் இருந்துச்சு, வளர்ந்த பிறகு? ஐரிஷ் பாட்டுல பெரிய பேர் டாரா ஓ கஹான். பையனா அந்த ஊருக்கு வந்தவர், பிறகு பிழைப்புக்கு இங்கிலாந்து லீட்ஸ் போயிட்டார். நிலம் கொடுத்தா மட்டும் போதலை, வேலை வேணும்.

நாவன் ராஜி:
அண்ணே, நான் பக்கத்து டவுன்ல நர்ஸ். ராத்கேர்னுக்கு நாலஞ்சு தடவை போயிருக்கேன். ஊர்க்காரங்க 1973ல கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. கோடையில வெளியூர்ப் பசங்க ஐரிஷ் கத்துக்க வந்து ஊர் வீடுகள்ல தங்குவாங்க, அந்த வீட்டுக்கார அம்மாவுக்கும் நாலு காசு.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துச்சு. கடையில ஒரு அம்மா தன் பொண்ணுகிட்ட ஐரிஷ்ல பொரிஞ்சு தள்ளிட்டிருந்தாங்க. நான் உள்ள போனதும் ரெண்டு பேரும் ஆங்கிலத்துக்கு மாறிட்டாங்க. மரியாதைக்குத்தான். நான் 'குர மா அகத்'னு நன்றி சொன்னதும் அந்தக் குட்டிக்குச் சிரிப்பு வந்துருச்சு, என் உச்சரிப்பு அப்படி.

கீழவீதி:
பாத்தீங்களா! ஒரு வெளியாள் வந்ததும் கடை முழுக்க ஆங்கிலம். நான் சொல்ற தொட்டி இதுதான்.

நாவன் ராஜி:
நான் வெளிய வந்து கதவு சாத்தறதுக்குள்ள திரும்ப ஐரிஷ் ஆரம்பிச்சிருச்சு அண்ணே. அதையும் சேர்த்து எழுதுங்க.

ஏட்டுக்காரன்:
ராஜி, ஒண்ணு கேக்கணும். பெரியவங்க பேசறதை விடுங்க. பசங்க தனியா விளையாடும்போது எந்த மொழியில சண்டை போடறாங்க?

நாவன் ராஜி:
கவனிக்கலையே. ஞாயித்துக்கிழமை லீவு. மைதானத்துப் பக்கம் போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.

கீழவீதி:
நீங்க வர்றதைப் பாத்ததும் மாறிடப் போறாங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.