அவுட்புட் டிரான்சிஸ்டர் நாலையும் மாற்றியும் பியூஸ் நிற்கவில்லை

குளச்சல் மைக்செட்:
அண்ணாச்சிமாரே, ஒரு உதவி. 35-0-35 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்ட ஸ்டீரியோ ஆம்ப்ளிபயர், ஒரு சேனலுக்கு சி5200, ஏ1943 அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி. போன வாரம் ஒரு கோவில் கொடையில் ராத்திரி பத்து மணிக்கு வலது பக்கம் டப்பென்று சத்தம், அப்புறம் கரிந்த வாடை, பியூஸ் போய்விட்டது. நாலில் மூன்று ஷார்ட். நாலையும் புதிதாகப் போட்டு ஆன் செய்தேன், ஒரு நொடி நிற்கவில்லை, புதுசும் போச்சு. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ல் முடிந்ததும் எங்களுக்குக் கிறிஸ்துமஸ் வரை வேலைதான், அதற்குள் இது எழுந்தாக வேண்டும்.

வடசேரி சர்வீஸ்:
தம்பி, நேராக 230 வோல்ட்டில் சொருகியதுதான் தப்பு. 100 வாட் குண்டு பல்பு ஒன்றை கரண்ட் வரும் பேஸ் (phase) வயரில் சீரியஸாகப் போடுங்கள், எல்இடி ஆகாது. ஆன் செய்ததும் பளிச்சென்று எரிந்து, கெப்பாசிட்டர் நிறைந்ததும் மங்கினால் நல்லது, அப்படியே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட் இருக்கிறது, ஆனால் டிரான்சிஸ்டர் சாகாது. ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். அவுட்புட் ஷார்ட் ஆகும்போது அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டுதான் போகும், எல்லாவற்றையும் மீட்டரில் பாருங்கள். இடது சேனல் நன்றாகத்தானே இருக்கிறது, அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். உள்ளே கிட்டத்தட்ட பிளஸ் 49, மைனஸ் 49 வோல்ட் நிற்கும், கை வைக்கும்முன் கெப்பாசிட்டரை ஒரு 100 ஓம் 10 வாட் ரெசிஸ்டர் வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் தட்டி இறக்குகிற வீரம் வேண்டாம்.

தக்கலை ஆடியோ:
டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவில் கரண்ட் கடக்காமல் வைக்கிற மைக்காத் தகட்டையும் பாருங்க மக்கா. இந்த டிரான்சிஸ்டரின் முதுகுத் தகடு அதன் கலெக்டர் முனைதான், கிழிந்த மைக்கா வழியே ஹீட் சிங்கைத் தொட்டால் புதுசும் போகும். அப்புறம் எந்தக் கடையில் வாங்கினீங்க? 150 வாட் என்று அச்சடித்து உள்ளே மிளகளவு சிலிகானை வைத்து விற்கிறார்கள். செத்ததில் ஒன்றை உடைத்துப் பாருங்க, தெரியும்.

குளச்சல் மைக்செட்:
உடைத்தேன் அண்ணே, மிளகேதான். டிரைவர் ஒன்று ஷார்ட், எமிட்டர் ரெசிஸ்டர் ஒன்று ஓப்பன், இரண்டும் மாற்றியாச்சு. மைக்கா நல்லாத்தான் இருக்கிறது. இப்போது அவுட்புட் இல்லாமல் பல்பு மங்குகிறது, வேறு கடையில் வாங்கின ஜோடியைப் போட்டால் முழுசாக எரிகிறது. திரும்பக் கழற்றிவிட்டேன். அந்த நிலையில் இரண்டு டிரைவரின் பேஸ் (base) காலுக்கும் நடுவில் இடது பக்கம் 2.3 வோல்ட், வலது பக்கம் 5ஐத் தாண்டுகிறது.

வடசேரி சர்வீஸ்:
அப்படிச் சொல்லுங்கள்! இது பயாஸ் கோளாறு, அதாவது பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடுகிற சிறு கரண்டின் அளவு கெட்டுப்போயிருக்கிறது. அந்த அளவை வைக்கிற பயாஸ் டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும் ப்ரீசெட்டின் (திருகி அளவு மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) நடுக்கால் விட்டுப்போயிருக்கும். அது விட்டால் அந்த டிரான்சிஸ்டர் ஆஃப், மேலும் கீழும் இருக்கிற அவுட்புட் இரண்டும் ஒரே நேரத்தில் முழுக்கத் திறந்துகொள்ளும். கடற்கரைச் செட்டுகளில் இது நிறைய வரும், உப்புக்காற்று ப்ரீசெட்டைத்தான் முதலில் தின்னும்.

குளச்சல் மைக்செட்:
அதேதான் அண்ணாச்சி! ப்ரீசெட்டைக் கழற்றினால் நடுக்காலில் பச்சை பூத்திருக்கிறது, திருகும்போது மீட்டர் நடுவழியில் ஓப்பன் காட்டுகிறது. மூடின மல்டிடர்ன் (பல சுற்று திருகும்) வகை போட்டு, கழற்றின அவுட்புட்டையும் மாட்டி, பயாஸ் குறைந்தபட்சத்தில் வரும்படி திருகி வைத்து ஆன் செய்தேன், பல்பு மங்கிவிட்டது. ஸ்பீக்கர் முனையில் டிசி 18 மில்லிவோல்ட். பல்பை எடுத்துவிட்டு 0.22 ஓம் மேல் 10 மில்லிவோல்ட் வரும்வரை மெல்ல ஏற்றினேன், ஏறத்தாழ 45 மில்லிஆம்பியர். சூடானதும் கொஞ்சம் ஏறியது, திரும்ப இறக்கி வைத்தேன். இரண்டு மணி நேரமாகப் பாட்டு ஓடுகிறது, சிங்க் கை பொறுக்கிற சூடுதான். இடது பக்க ப்ரீசெட்டிலும் லேசாகப் பச்சை தெரிகிறது, நாளைக்கு அதையும் கழற்றப்போகிறேன்.