மூன்று மாதத்துக்கு ஒரு நாடு: டிஜிட்டல் நாடோடிக்கு நட்பு அமைவது எப்படி?

கடலோடி (கேள்வி)

வணக்கம். ஓராண்டுக்கும் மேலாக இணையவழியில் பணிபுரிந்தபடி நாடு மாறி நாடு வசித்து வருகிறேன். வேலையிலும் வருமானத்திலும் குறையில்லை. தங்குமிடம், இணைய இணைப்பு, வங்கி அட்டை ஆகியவற்றைச் சமாளிக்கவும் பழகிவிட்டேன். நட்பு மட்டும் கைகூடவில்லை. கூட்டுப் பணியிடத்தில் பலரைத் தெரியும், வாட்ஸ்அப் குழுக்கள் சிலவற்றிலும் இருக்கிறேன். ஆனால் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள், என்ன வேலை, அடுத்து எங்கே போகிறீர்கள் என்ற மூன்று கேள்விகளைத் தாண்டி உரையாடல் நகர்வதில்லை. சற்று நெருங்கும் நேரத்தில் அவர் கிளம்பிவிடுகிறார். இல்லையென்றால் என் விசா முடிந்துவிடுகிறது. காய்ச்சலில் படுத்திருந்தபோது, மருந்து வாங்கி வரும்படி உரிமையோடு கேட்க அந்த நகரத்தில் ஒருவர்கூட இல்லை என்பது உறைத்தது.

இப்போது புதிய நாடொன்றுக்கு வந்திருக்கிறேன். உள்ளூர் மொழி தெரியாது. வாடிக்கையாளர்கள் வேறு நேர மண்டலத்தில் இருப்பதால் என் மாலைப்பொழுது பெரும்பாலும் அழைப்புகளில் கழிகிறது. இந்த நிலையில் உண்மையான நட்பு சாத்தியமா? சாத்தியமென்றால் எங்கிருந்து தொடங்குவது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன்

வணக்கம் கடலோடி. உங்களிடம் குறை ஏதும் இருப்பதாக நான் நினைக்கவில்லை, கணக்குதான் உதைக்கிறது. அமெரிக்காவின் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லிக்கொள்ளும் நிலைக்கு வர 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஒருவரோடு செலவிட்டாலும் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 50 மணி நேரம்தான் சேரும். நீங்களோ அந்த நான்கு மணி நேரத்தையும் இருபது பேருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறீர்கள். இன்னொன்றும் அந்த ஆய்வில் உண்டு: சேர்ந்து வேலை செய்யும் நேரம், ஓய்வாகப் பேசிச் சிரிக்கும் நேரத்தைப் போல நெருக்கத்தை வளர்ப்பதில்லை. கூட்டுப் பணியிடத்தில் காதில் ஹெட்போனோடு அருகருகே அமர்ந்திருப்பது நட்புக் கணக்கில் ஏறாததற்கு இதுவே காரணம்.

ஆகவே நான் முதலில் சொல்வது, முடிந்தால் தங்கும் காலத்தை நீட்டுங்கள் என்பதுதான். சுற்றுலாப் பயணியாக விசாவின்றி, பொதுவான எல்லை விதியுள்ள ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைபவர் 180 நாட்களில் 90 நாட்கள்தான் இருக்கலாம். ஆனால் தொலைதூரப் பணியாளர்களுக்கென எஸ்டோனியா 2020இலும் குரோவேஷியா 2021இலும் போர்ச்சுகல் 2022இலும் தனி அனுமதிகளைத் தொடங்கிவிட்டன. வருமான வரம்பும் காகித வேலையும் உண்டென்றாலும், ஓரிடத்தில் ஓராண்டு இருக்கலாம் என்ற நிலை வந்துவிட்டால் மனிதர்கள் உங்களை நடத்தும் விதமே மாறிவிடும்.

நீட்ட முடியாவிட்டால் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ அதே மனிதர்கள் கூடும் ஒன்றிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, வந்த முதல் வாரமே சேர்ந்துவிடுங்கள். 'புதியவர்கள் சந்திப்பு' என்று விளம்பரம் செய்யப்படும் நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு முறையும் வேறு முகங்கள்தான் இருக்கும். நீங்கள் சலித்துப்போன அந்த மூன்று கேள்விகள் அங்கேதான் பிறக்கின்றன. பாடகர் குழு, பாறையேற்றப் பயிற்சிக்கூடம், மட்பாண்ட வகுப்பு, சதுரங்கக் கழகம் போன்றவற்றில் கைக்கு ஒரு வேலை இருப்பதால் பேச்சைத் தேடி எடுக்க வேண்டியதில்லை. பார்க்ரன் இருக்கும் நகரமென்றால் அது மிகச் சிறந்த தொடக்கம். 2004இல் லண்டனின் புஷி பூங்காவில் தொடங்கி இன்று பல நாடுகளில் நடக்கும் அந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் கிடையாது, பெரும்பாலான இடங்களில் சனிக்கிழமை காலையில் நடக்கிறது, நடந்தும் முடிக்கலாம். ஓடப் பிடிக்காதவர் நேரம் குறிக்கவும் வழிகாட்டவும் தன்னார்வலராக நிற்கலாம். என்னைக் கேட்டால் ஓடுபவரைவிடத் தன்னார்வலருக்கே சீக்கிரம் ஆட்கள் பழக்கமாகிறார்கள்.

தேன்சிட்டு

வழிப்போக்கன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டால், நெருங்கிய நட்பல்லாத எல்லாமே வீண் என்ற எண்ணம் வந்துவிடும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், மேலோட்டமான தொடர்புகள் வழியாகத்தான் புதிய வேலை வாய்ப்புச் செய்திகள் அதிகம் கிடைக்கின்றன என்பதை 1973லேயே எடுத்துக்காட்டினார். தினமும் போகும் காபிக்கடைக்காரர், மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டார் ஆகியோரோடு நான்கு வார்த்தை பேசுவது அன்றைய நாளின் தனிமையைக் கணிசமாகக் குறைக்கிறது. நண்பரே, நீங்கள் கேட்ட மருந்து வாங்கிவரும் உதவிகூட இருநூறு மணி நேரப் பழக்கமுள்ளவரிடமிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. பக்கத்துக் கதவைத் தட்டக்கூடிய அளவு அறிமுகம் போதும்.

அதற்கு வீடு முக்கியம். 1950இல் வெளிவந்த உளவியலாளர் ஃபெஸ்டிங்கர் குழுவினரின் ஆய்வில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் இருந்தவர்கள் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களோடுதான் அதிகம் நட்பானார்கள் என்பது தெரியவந்தது. குறுகியகால வாடகைக்கென்றே நடத்தப்படும் கட்டடத்தில் குடியேறினால் உங்கள் அண்டை வீட்டார் அனைவரும் நான்கு நாள் விருந்தினர்களாகத்தான் இருப்பார்கள். நீண்டகாலமாக வசிப்பவர்கள் உள்ள பகிர்வு வீட்டில் ஓர் அறை எடுப்பது, வசதி சற்றுக் குறைந்தாலும், இந்த நோக்கத்துக்கு நல்லது. பெண்களாக இருந்தால் அறையை உறுதி செய்யும் முன் உடன் வசிப்பவர்களைக் காணொளி அழைப்பிலாவது பார்த்துவிடுங்கள்.

மணற்கேணி

உள்ளூர் மக்களோடு பழக முடியவில்லை என்று பலர் வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளூர்க்காரர்கள் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். பள்ளி நாளிலிருந்து கூட இருக்கும் நண்பர்கள், குடும்பம், குழந்தைகள் என்று அவர்களுடைய வாரம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது; மூன்று மாதத்தில் போய்விடும் ஒருவருக்காக அதில் இடம் ஒதுக்க அவர்கள் தயங்குவதில் வியப்பில்லை. இது உங்களைப் பிடிக்காததன் அடையாளமல்ல. எனவே வட்டம் இன்னும் உறுதியாகாதவர்களைத் தேடுங்கள்: அதே நாட்டின் வேறு ஊரிலிருந்து வேலைக்காக அண்மையில் வந்தவர்கள், வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்கள், உயர்கல்வி மாணவர்கள்.

மொழி வகுப்பைப் பலர் மொழிக்காக மட்டுமே பரிந்துரைக்கிறார்கள். நேரில் நடக்கும் தொடக்கநிலை வகுப்பில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். திருமணத்தாலோ வேலையாலோ புலம்பெயர்ந்து அந்த நாட்டிலேயே நிலைக்கப் போகிறவர்கள்தான் பெரும்பாலும் இருப்பார்கள். அவர்களுக்கும் உங்களைப் போலவே ஆட்கள் தேவை. ஆனால் அடுத்த மாதம் கிளம்பிவிட மாட்டார்கள். என் அனுபவத்தில் நீடித்த நட்புகள் அதிகம் முளைத்தது அங்கேதான். எந்த இடமானாலும், எத்தனை நாள் இருப்பீர்கள் என்பதைத் தொடக்கத்திலேயே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரியவந்தால் ஏமாற்றப்பட்டது போல உணர்வார்கள். தன்னார்வப் பணியில் சேர்வதாக இருந்தால், உங்கள் விசா அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். சில நாடுகளில் ஊதியமில்லாப் பணிக்கும் கட்டுப்பாடு உண்டு.

கடலோடி

மூவருக்கும் நன்றி. மொழி வகுப்பைப் பற்றி நான் இந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. வகுப்புகளும் கழகங்களும் பெரும்பாலும் மாலையில்தான் நடக்கின்றன. என் மாலைகளோ வாடிக்கையாளர்களுக்கு உரியவை. மேலும், ஒருமுறை நன்றாகப் பேசிய ஒருவரை மறுபடி நானாக அழைத்தால் தொந்தரவாக நினைப்பாரோ என்ற கூச்சம் எனக்கு உண்டு.

வழிப்போக்கன்

கூச்சத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். உளவியலாளர் எரிக்கா பூத்பியும் உடன் ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் தெரியாதவர்கள் பேசி முடித்த பின், மற்றவருக்குத் தங்களைப் பிடித்திருந்த அளவைப் பெரும்பாலோர் உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். ஆகவே அவருக்கும் இதே தயக்கம் இருக்க வாய்ப்புண்டு. 'எப்போதாவது சந்திப்போம்' என்று எழுதாமல், நாளும் இடமும் குறிப்பிட்டு அழையுங்கள்: 'வியாழன் காலை ஒன்பதரைக்கு ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன், வருகிறீர்களா?' என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வது அவருக்கும் எளிது. இருமுறை அழைத்தும் மாற்று நாள் எதுவும் சொல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

மாலைப்பொழுதைப் பொறுத்தவரை, உங்களுக்குக் காலைகள் முழுமையாக இருக்கின்றன என்பதை மறந்துவிட்டீர்கள். ஓய்வுபெற்றவர்கள், பணிமுறை மாற்றத்தில் வேலை செய்பவர்கள், சிறு குழந்தைகளின் பெற்றோர், கலைஞர்கள் என்று காலையில் நேரமுள்ளவர்கள் எந்த நகரத்திலும் உண்டு. முற்பகல் மொழி வகுப்புகளும் பல இடங்களில் நடக்கின்றன. அதோடு வாரத்தில் ஒரே ஒரு மாலையை மட்டும் அழைப்புகள் இல்லாத மாலையாக வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெறுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. அந்த மாலையில் உங்களை அழைக்க முடியாது என்று நாட்காட்டியில் குறித்துவிட்டால் போதும். அந்த ஒரு மாலையை எந்தக் குழுவுக்குக் கொடுப்பது என்பதை இந்த வாரமே முடிவு செய்து, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் முதல் நான்கு வாரம் தவறாமல் போய்வாருங்கள்.