வணக்கம் சொல்லும் சர்வர், விழிக்கும் எஸ்எஃப்டிபி: உதவி தேவை

மன்னார்குடி பக்கம் ஓர் அரிசி ஆலையில் கணக்குப் பார்க்கிறேன். குறுவை நெல் வந்து குவிகிற நேரம். மூட்டைக் கணக்கைப் பழைய லினக்ஸ் பெட்டியிலிருந்து தினமும் எஸ்எஃப்டிபியில் (பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் முறை) வெளியே உள்ள ஒரு சர்வருக்கு அனுப்புவோம். திங்கட்கிழமையிலிருந்து "ரிசீவ்டு மெசேஜ் டூ லாங் 3769546208" (வந்த செய்தி ரொம்ப நீளம்) என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறது.

அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால், யூடிஎஃப்-8இல் (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) "வணக்கம்" என்பதன் முதல் 4 பைட்டுகள்! சர்வரின் பேஷ்ஆர்சியில் (உள்ளே நுழைந்ததும் தானாக ஓடும் கட்டளைக் கோப்பு) யாரோ வரவேற்பு வரி போட்டிருக்கிறார்கள். அதைத்தான் கிளையன்ட் (எங்கள் பக்கத்து எஸ்எஃப்டிபி நிரல்) செய்தியின் நீளம் என்று படிக்கிறது. மரியாதையால் வந்த வினை.

சர்வர் எங்கள் கையில் இல்லை, சொல்லியும் எடுக்கவில்லை. எஸ்எஃப்டிபியை விட்டு, எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) பைப் போட்டுக் கோப்பை நேராகத் தள்ளினால் போகிறது. ஆனால் நடுவில் கரண்ட் போனால் பாதிக் கோப்புதான். கிளையன்ட் பக்கமே அந்த வரியைத் தாண்ட வைக்க வழி இருந்தால் சொல்லுங்களேன். பெட்டியை மாற்றச் சொல்லாதீர்கள், முதலாளி காதில் ஏறாது.